யாரும் திரும்பாத திருப்பம்: நடையை வரைபடமாக்கிப் பார்த்த அனுபவம்

துண்டுவாரிச் சார்பு, அதாவது ஒவ்வோர் இடைவெளிக்கும் வேறு வேறு சூத்திரம் கொண்ட சார்பு என்றதும் மாணவர்கள் மனதில் வருவது ஒரு பெரிய அடைப்புக்குறி. உள்ளே மூன்று வரிகள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சமனிலி. ‘ஐந்தில் சார்பின் மதிப்பு என்ன?’ என்று கேட்டால், எந்த வரி பொருந்தும் என்று பார்த்து, எண்ணைப் பிரதியிட்டு, விடையை அடிக்கோடிட்டு வைத்துவிடுவார்கள். அதே சார்பை வரைபடமாகப் போட்டு, ‘கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் கதவிலிருந்து ஓர் ஆள் நிற்கும் தொலைவு. இந்த ஆள் என்ன செய்கிறார்?’ என்று கேளுங்கள். மேட்டில் ஏறுகிறார், உச்சியில் சமதரையில் நடக்கிறார், மறுபக்கம் இறங்குகிறார் என்று வகுப்பில் கணிசமானவர்கள் சொல்வார்கள். கோட்டை அவர்கள் பாதையின் படமாகவே பார்க்கிறார்கள். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மாட்டும் அவருடைய சகாக்களும் தங்கள் கல்லூரி மாணவர்களிடமே இதைக் கண்டு 1987இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

கரும்பலகையில் எவ்வளவு விளக்கினாலும் இந்தப் பழக்கம் போவதில்லை. நடப்பவர் நடக்கும்போதே கோடு வளர்வதைக் கண்ணால் பார்த்தால் போய்விடும். ஆய்வகங்களுக்கென்று விற்கும் இயக்க உணரிகள் பள்ளியின் கணக்குத் துறை வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆகவே நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் அல்ட்ராசானிக் சென்சார் ஒன்றையும் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகையையும் வைத்து நாங்களே செய்தோம். செய்ததையும், அதில் மாணவர்கள் நடந்ததையும், வந்த வரைபடங்களை எப்படிப் படித்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். வேறு பள்ளியில் யாராவது செய்ய நினைத்தால் பயன்படும்.

கருவி

சென்சாரின் பெயர் ஹெச்.சி.-எஸ்.ஆர்.04. இரண்டு கண்கள் வைத்ததுபோன்ற சிறிய பலகை. ஒரு கண் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும். நான்கு கால்கள்: 5 வோல்ட் மின்சாரம், கிரவுண்ட், டிரிக், எக்கோ. டிரிக் காலில் 10 மைக்ரோவினாடி நீளத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எட்டு ஒலித் துடிப்புகளை அது அனுப்புகிறது. எதிரொலி திரும்பும்வரை எக்கோ காலில் மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும். அப்படி நின்ற நேரத்தை ஆர்டுயினோ அளக்கிறது. ஒலி போய்த் திரும்பிய நேரம் என்பதால், வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு. இரண்டு சென்டிமீட்டரிலிருந்து நான்கு மீட்டர் வரை அளக்கும் என்று தயாரிப்பாளர் சொல்வது. மூன்று மீட்டர் வரை நம்பலாம். அதற்கு மேல் எதிரில் இருக்கும் பொருளைப் பொறுத்தது.

இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் பலவற்றில் மைக்ரோவினாடிகளை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் என்று இருக்கும். அது ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 345 மீட்டர் என்று கொண்டு போட்ட கணக்கு. நம் பள்ளிக் கூடத்து அரங்கில் வெப்பநிலை 32 பாகை செல்சியஸ். காற்றில் ஒலியின் வேகம் பூச்சியம் பாகையில் 331 மீட்டர் அளவில் இருந்து, ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. ஆக 350க்குச் சற்று மேல். 58க்குப் பதில் 57 போட வேண்டும். போடாவிட்டால் மூன்று மீட்டரில் நிற்பவர் ஐந்து சென்டிமீட்டர் கிட்டே நிற்பதாகக் காட்டும். இதைத் திருத்தாமல் விட்டாலும் வரைபடத்தின் வடிவம் கெடாது. எல்லாத் தொலைவும் ஒரே விகிதத்தில் சுருங்கும், சாய்வுகளும் அதே விகிதத்தில் குறையும், துண்டுகள் சேரும் நேரங்கள் மட்டும் அப்படியே இருக்கும். இதையே ஒரு கேள்வியாக வகுப்பில் கொடுக்கலாம். நான் கொடுத்தேன்.

சென்சாரை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒலி நேர்கோடாகப் போவதில்லை; சுமார் 15 பாகை விரிந்து போகிறது. மூன்று மீட்டர் தூரத்தில் அந்த விரிவு நடுக்கோட்டிலிருந்து எண்பது சென்டிமீட்டர். பெஞ்சுமேல் வைத்தால் தரையே எதிரொலி கொடுத்துவிடும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், பக்கவாட்டில் நாற்காலி, பெஞ்சு எதுவும் இல்லாமல் வைத்தோம். எதிர்ச் சுவர் ஐந்து மீட்டர் தள்ளி.

அளவு எடுக்கும் இடைவெளி 60 மில்லிவினாடி. இதைவிடக் குறைத்தால் முந்தைய துடிப்பின் எதிரொலி அடுத்த அளவில் வந்து கலக்கும். வினாடிக்குப் பதினாறு புள்ளிகள் என்பது மனித நடைக்குத் தாராளம்.

திரை

ஆர்டுயினோ மென்பொருளோடு வரும் வரைவி இந்த வேலைக்கு ஆகாது. அதன் கிடை அச்சில் வினாடிகள் இல்லை, புள்ளிகளின் எண்ணிக்கைதான் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, செங்குத்து அச்சின் அளவை அது தானாக மாற்றிக்கொண்டே இருப்பது. மெதுவாக நடந்தவரின் கோடும் வேகமாக நடந்தவரின் கோடும் ஒரே சாய்வில் தெரியும். சாய்வுதான் வேகம் என்று சொல்லிக்கொடுக்க வந்த இடத்தில் இது அடிமடியில் கைவைப்பது. ஆகவே பைத்தானில் சிறிய நிரல் எழுதி, நேரம் 0 முதல் 12 வினாடி, தொலைவு 0 முதல் 4 மீட்டர் என்று இரண்டு அச்சுகளையும் ஆணியடித்து நிறுத்தினோம். யார் நடந்தாலும் அதே கட்டம்.

அடுத்தது தாமதம். ஒவ்வொரு புள்ளி வரும்போதும் படம் முழுவதையும் அழித்துப் புதிதாக வரைந்தால், பழைய மடிக்கணினி திணறுகிறது. வரைந்து முடிப்பதற்குள் அடுத்த அளவுகள் வந்து வரிசையில் காத்திருக்க, கோடு நடப்பவரைவிட இரண்டு வினாடி, மூன்று வினாடி என்று பின்தங்கிக்கொண்டே போகிறது. அவர் நின்ற பிறகும் கோடு ஏறிக்கொண்டிருந்தால் கூடத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் புரியாது. மூன்று அளவுக்கு ஒருமுறை, புதிய புள்ளிகளை மட்டும் சேர்த்து வரையும்படி மாற்றியதும் சரியானது. இது வசதிக்கான திருத்தம் மட்டும் அன்று. இதே 1987இல் ஹெதர் பிரேசல் என்ற ஆய்வாளர், நடக்கும்போதே வரைபடத்தைப் பார்த்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும், சில பத்து வினாடிகள் கழித்துப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார். அந்தச் சிறு தாமதமே கற்றலின் பயனைப் பெருமளவு அழித்துவிட்டது என்பது அவர் கண்டது. நம் கூடத்திலும் மூன்று வினாடிப் பின்னடைவில் முகங்கள் மாறுவதைப் பார்த்தேன்.

பூச்சியத்துக்குப் போய்வந்த மாணவி

முதலில் நடக்க வந்த மாணவி சென்சாரிலிருந்து விலகி நடந்தாள். கோடு அழகாக ஏறியது. நடுவில் நான்கைந்து இடங்களில் செங்குத்தாகக் கீழே விழுந்து பூச்சியத்தைத் தொட்டு, அதே வேகத்தில் மேலே வந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று பின்வரிசை தீர்ப்பு எழுதிவிட்டது.

கெடவில்லை. சீருடைத் துணி ஒலியை உறிஞ்சும். சாய்ந்த பரப்பு ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி திரும்பவில்லை என்றால், நிரலில் நாம் கொடுத்த 30 மில்லிவினாடிக் கெடு முடிந்ததும் ஆர்டுயினோ ‘0’ என்று சொல்கிறது. ‘அளவு கிடைக்கவில்லை’ என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. வரைபடமோ அதை ‘சென்சாரை ஒட்டி நிற்கிறாள்’ என்று படித்துவிடுகிறது.

பழுதை உடனே சரிசெய்யாமல் அந்தப் படத்தையே திரையில் நிறுத்தி வைத்தோம். ‘இந்த வரைபடத்தை நம்பினால் இவள் என்ன செய்தாள்?’ இரண்டு மீட்டர் தொலைவில் இருந்தவள் 60 மில்லிவினாடியில் சென்சாருக்கு வந்து, அடுத்த 60 மில்லிவினாடியில் திரும்பப் போயிருக்க வேண்டும். அதாவது வினாடிக்கு 33 மீட்டர், மணிக்கு 120 கிலோமீட்டர். சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவன் கேட்டான்: “சார், அப்படியென்றால் நடையின் வரைபடத்தில் செங்குத்துக் கோடு வரவே கூடாதா?” கோடு எங்கும் அறுபடாமல், தாவாமல் போவதைக் குறிக்கும் தொடர்ச்சி என்ற சொல்லை அன்றுதான் கரும்பலகையில் எழுதினேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். துண்டுவாரிச் சார்புக்குப் பாடங்களில் வரும் வழக்கமான உதாரணங்கள் ஆட்டோ கட்டணம், பஸ் கட்டணம், மின்கட்டணம், தபால் செலவு. இவற்றில் சில தாவும். பஸ்ஸில் ஒரு ஸ்டேஜ் தாண்டினால் டிக்கெட் விலை சட்டென்று அடுத்த தொகைக்கு ஏறும். இடைப்பட்ட தொகை என்று எதுவும் இல்லை. அந்த உதாரணங்களிலேயே பழகிய பிள்ளைகள், எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டையும் வைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இயக்கத்தில் அது செல்லாது. ஒரு துண்டு முடியும் இடத்தில்தான் அடுத்தது தொடங்கியாக வேண்டும். நடுவில் உள்ள இடத்தைக் கடக்காமல் ஆள் இடம் மாற முடியாது.

பிறகு பழுதுக்கு வந்தோம். பூச்சியங்களை என்ன செய்வது? பூச்சியமாகவே வரைந்தால் பொய். இரு பக்கப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அது நம் ஊகம். நடுவில் அவர் ஒரு கணம் நின்றிருந்தால் தெரியாமல் போகும். அந்த இடத்தில் கோட்டை விட்டுவிட்டு இடைவெளியாகக் காட்டுவதுதான் நேர்மை. அந்த நேரங்கள் நம் சார்பின் சார்பகத்தில், அதாவது சார்புக்கு மதிப்பு உள்ள நேரங்களின் தொகுப்பில் இல்லை, அவ்வளவுதான். சார்பகம் என்ற சொல்லுக்குப் பாடத்தில் எத்தனையோ வரையறை எழுதியிருக்கிறார்கள். கோட்டில் ஓட்டை விழுந்து பார்த்தபோதுதான் அது எதற்கு என்று விளங்கியது என்று ஒரு மாணவி சொன்னாள்.

ஓட்டைகளைக் குறைக்க வழி எளிது: பரீட்சை அட்டை. எல்லோரிடமும் இருக்கிறது, தட்டையானது, கெட்டியானது. நெஞ்சுக்கு நேராக, சென்சாரைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு நடந்தால் எதிரொலி தவறாமல் வருகிறது. ஒரே ஒரு நிபந்தனை, உடலைத் திருப்பக் கூடாது. விலகிப் போகும்போது பின்னால் நடக்க வேண்டும், கிட்டே வரும்போது முன்னால் நடக்க வேண்டும். உடலைத் திருப்பினால் அட்டையும் திரும்பி, சரியாக அந்தத் திருப்பத்தில்தான் அளவு காணாமல் போகும். வரைபடத்தில் நமக்கு மிகவும் தேவையான இடம் அதுதான்.

அப்படியும் தப்பி வரும் ஒன்றிரண்டு பிசகுகளுக்கு வடிகட்டி வைத்தோம். அடுத்தடுத்த ஐந்து அளவுகளின் சராசரியை எடுக்கலாம், அல்லது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவை எடுக்கலாம். சராசரி, ஒரு தவறான அளவின் தாக்கத்தை ஐந்து புள்ளிகளுக்குப் பரப்பிவிடுகிறது. கூர்மையான மூலைகளையும் மழுக்கிவிடுகிறது. இடைநிலை அளவு தவறான புள்ளியை அப்படியே தள்ளிவிட்டு, மூலையைப் பெரிதும் காப்பாற்றுகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டு மனப்பாட விடை வாங்குகிறோமே, அதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கொடுத்த கோட்டை நடந்து காட்டுதல்

இப்போது எதிர்த்திசை. திரையில் முதலிலேயே ஒரு கோட்டை வரைந்து வைத்தோம். அதன் மேல் தம் கோடு படியும்படி மாணவர்கள் நடக்க வேண்டும். நேரத்தை ‘நே’ என்றும் தொலைவை ‘தொ’ என்றும் எழுதினால் முதல் கோடு இது:

தொ = 0.5 + 0.5 நே, 0 ≤ நே < 4
தொ = 2.5, 4 ≤ நே < 7
தொ = 2.5 − 1 (நே − 7), 7 ≤ நே ≤ 9

அரை மீட்டரில் தொடங்கி, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நான்கு வினாடி பின்னால் நட. மூன்று வினாடி நில். இரட்டை வேகத்தில் இரண்டு வினாடியில் தொடங்கிய இடத்துக்கு வா. படித்தால் இவ்வளவுதான்.

கிடைக்கோட்டை ‘சமதரை’ என்று படித்த ஒரு மாணவன், நான்காவது வினாடி வந்ததும் நிற்காமல் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினான். சென்சாரிலிருந்து தொலைவு மாறக் கூடாது, ஆனால் நடந்தாக வேண்டும் என்பது அவன் தர்க்கம். ஒருவகையில் புத்திசாலித்தனமானது. சென்சாரை மையமாக வைத்து வட்டவில்லில் நடந்தாலும் தொலைவு மாறாதுதானே! ஆனால் ஒலியின் விரிவைத் தாண்டியதும் சென்சாருக்கு அவன் தெரியாமல் போனான். கோடு ஒரேயடியாகப் பின்சுவருக்குத் தாவி, சுவர் நான்கு மீட்டர் எல்லைக்கு அப்பால் என்பதால் தெரிவதும் மறைவதுமாக ஆடியது. ‘நில்’ என்று மற்றவர்கள் கத்தினார்கள். அவன் மறுபடி நடந்தபோது கிடைக்கோடு என்றால் நிற்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

செங்குத்துக் கோடு ஒன்றையும் நடக்கக் கொடுத்துப் பார்க்கலாம். யாராலும் முடியாது என்பதை உடம்பே சொல்லிவிடும்.

பிறகு, நடந்து கிடைத்த கோட்டிலிருந்து சார்பை எழுதும் வேலை. கணினியைக் கொண்டு நேர்கோடு பொருத்தலாம். நான் அதைத் தவிர்த்தேன். படத்தை அச்சிட்டு, அளவுகோலும் பென்சிலும் கொடுத்தேன். புள்ளிகளின் நடுவே அளவுகோலை வைத்து மூன்று கோடுகள் இழுத்து, சாய்வையும் வெட்டுத்துண்டையும் படித்து எழுத வேண்டும். ஒரு குழு எழுதியது:

தொ = 0.52 + 0.47 நே, 0 ≤ நே < 4
தொ = 2.44, 4 ≤ நே < 7.3
தொ = 2.44 − 0.9 (நே − 7.3), 7.3 ≤ நே ≤ 9.4

துண்டுகள் மூன்றும் படத்தோடு நன்றாகப் பொருந்துகின்றன. சிக்கல் சேருமிடத்தில். முதல் வரியில் 4 என்று பிரதியிட்டால் 2.40 வருகிறது, இரண்டாவது வரி 2.44 என்கிறது. நான்காவது வினாடியில் இந்த மாணவி நான்கு சென்டிமீட்டர் தாவினாளா? திரையில் இருந்த மாதிரிக் கோட்டில் 4 என்று இருந்ததால் அந்தக் குழு 4 என்றே எழுதிவிட்டது. அவள் நின்ற நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் அதைச் சொல்லும். 0.52 + 0.47 நே = 2.44 என்று தீர்த்தால் 4.1 வினாடி அளவில். பத்தில் ஒரு பங்கு வினாடி அவள் பிந்தியிருக்கிறாள். தொடர்ச்சி என்ற நிபந்தனை, எழுதி வைக்கும் வரையறையாக இல்லாமல், தெரியாத ஓர் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சமன்பாடாக வேலை செய்த இடம் இது. துண்டுகளை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம்; இயக்கத்தைப் பற்றிய செய்தியில் பாதிக்கு மேல் மூட்டுகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

“நான்காவது வினாடியில் நடக்கிறாளா, நிற்கிறாளா, சார்?” என்ற கேள்வியும் மூட்டிலிருந்துதான் வந்தது. சமக்குறியை எந்த வரியில் போடுவது என்ற பழைய தலைவலிதான் இது, வேறு உருவில். தொலைவைப் பொறுத்தவரை எந்த வரியில் போட்டாலும் ஒன்று. இரண்டு வரிகளும் அங்கே ஒரே மதிப்பைத் தருகின்றன. வேகத்தைப் பொறுத்தவரை விடையே இல்லை. இடப்பக்கம் வினாடிக்கு அரை மீட்டர், வலப்பக்கம் பூச்சியம். தொடர்ச்சியுள்ள, ஆனால் வகையிடத்தக்கதல்லாத புள்ளி என்று பதினோராம் வகுப்பில் படிப்பது இதைத்தான்.

வேக வரைபடம்

அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை 60 மில்லிவினாடியால் வகுத்து வேகத்தை வரைந்தால் புதர் மாதிரி ஒன்றுதான் கிடைக்கும். தொலைவில் ஒரு சென்டிமீட்டர் பிசகு, வேகத்தில் வினாடிக்கு 17 சென்டிமீட்டர் பிசகாக மாறிவிடுகிறது. ஐந்து அளவு தள்ளி, அதாவது 0.3 வினாடி இடைவெளியில் வித்தியாசம் எடுத்தால் அது மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது; படம் தெளிகிறது. மாதிரிக் கோட்டுக்கு வேகம் 0.5, 0, −1 என்று மூன்று படிகள்; குறை எண் என்றால் சென்சாரை நெருங்குவது. படிகளுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு 2, 0, −2. கூட்டினால் பூச்சியம், ஆகவே தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டாள்.

இங்கே ஒரு பயிற்சி மிகவும் பயன்பட்டது. ஏறி, சமமாகப் போய், இறங்கும் சரிவகம் ஒன்றை அச்சுகளுக்குப் பெயரில்லாமல் வரைந்து கொடுத்தேன். செங்குத்து அச்சுக்கு ‘தொலைவு’ என்று பெயர் வைத்தால் போய், காத்திருந்து, திரும்பி வந்தவரின் கதை. ‘வேகம்’ என்று வைத்தால், ஒரு நிலையத்தில் கிளம்பி, வேகமெடுத்து, சீராக ஓடி, பிரேக் போட்டு அடுத்த நிலையத்தில் நிற்கும் ரயிலின் கதை. அது திரும்பி வரவே இல்லை. ‘உயரம்’ என்றால் லிஃப்ட். கதை எழுதுவதற்கு முன் அச்சின் பெயரைப் படி என்று நூறு முறை சொல்வதற்கு இந்த ஒரு தாள் போதும்.

ஒரே கோடு, இரண்டு கதைகள்

இதை ஒரு மாணவியின் குறும்பிலிருந்து கற்றோம். ஒருத்தி பின்னால் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருத்தி எதிர்ச் சுவரிலிருந்து அட்டையோடு வந்து அவளைத் தாண்டிச் சென்றாள். சென்சாருக்கு ஆள் அடையாளம் தெரியாது. முதலில் வரும் எதிரொலியை, அதாவது கிட்டே இருப்பவரை மட்டுமே அது சொல்லும். ஆகவே வரைபடம் இருவருடைய தொலைவுகளில் சிறியது எதுவோ அது. பிறகு இதை ஒழுங்காக ஏற்பாடு செய்து நடந்தோம். முதலாமவள் 1 மீட்டரிலிருந்து விலகுகிறாள், இரண்டாமவள் 3 மீட்டரிலிருந்து நெருங்குகிறாள், இருவர் வேகமும் வினாடிக்கு அரை மீட்டர். இரண்டாவது வினாடியில், 2 மீட்டர் தொலைவில், தோள் உரசும் நெருக்கத்தில் தாண்டுகிறார்கள். திரையில் வருவது:

தொ = 1 + 0.5 நே, 0 ≤ நே < 2
தொ = 2 − 0.5 (நே − 2), 2 ≤ நே ≤ 4

மட்டு மதிப்பைக் கொண்டு ஒரே வரியில் எழுதினால் தொ = 2 − 0.5 |நே − 2|. இந்த நடையைப் பார்க்காத அடுத்த வகுப்பிடம் படத்தை மட்டும் காட்டியபோது, எல்லோரும் சொன்ன கதை ஒன்றே: ஒருவர் இரண்டு மீட்டர் வரை போய், சட்டென்று திரும்பி வந்துவிட்டார். படத்தில் திருப்பம் இருக்கிறது. கூடத்தில் யாரும் திரும்பவில்லை.

அப்படியானால் இரண்டு கதைகளையும் பிரித்தறிய வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் மூட்டில்தான். ஒருத்தியை உண்மையிலேயே போய்த் திரும்பி வரச் சொல்லி அந்தக் கோட்டை இதன்மேல் வைத்தோம். அவளுடைய உச்சி உருண்டையாக இருந்தது. விலகும் திசையில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகும் உடல், எதிர்த்திசையில் அதே வேகத்தைப் பெற நேரம் எடுக்கும். முடுக்கம் வினாடிக்கு வினாடி 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முழுதாக ஒரு வினாடி. அப்போது சார்பு மூன்று துண்டுகளாகிறது:

தொ = 1 + 0.5 நே, 0 ≤ நே < 1.5
தொ = 1.875 − 0.5 (நே − 2)², 1.5 ≤ நே < 2.5
தொ = 2 − 0.5 (நே − 2), 2.5 ≤ நே ≤ 4

நடுவில் ஒரு பரவளையத் துண்டு புகுந்திருக்கிறது. சேருமிடங்களில் தொலைவும் பொருந்துகிறது, சாய்வும் பொருந்துகிறது, 1.5இல் பிரதியிட்டு இரண்டையும் சரிபார்க்கச் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்கிறார்கள். உச்சி 2 மீட்டரைத் தொடாமல் 1.875இல் நின்றுவிடுகிறது. பன்னிரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம், இந்த மலிவுச் சென்சாருக்குக்கூட நன்றாகத் தெரியும். கூரான மூலை என்றால் ஆள் மாறியிருக்கிறது. உருண்ட மூலை என்றால் ஆள் திரும்பியிருக்கிறது. சராசரி வடிகட்டி வைத்திருந்தால் கூரானதும் கொஞ்சம் உருண்டுபோய், இந்தத் துப்பு மங்கியிருக்கும்.

பாடங்களில் வரும் கூர்மூலைகள் எல்லாம் எளிமைக்காகச் செய்த சமரசம் என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. நூறு கிலோமீட்டர் பயணத்தை ஒரு தாளில் வரையும்போது அந்தச் சமரசத்தால் ஒரு கெடுதலும் இல்லை. ரயில்வேக்காரர்கள் நெடுங்காலமாக அப்படித்தான் வரைகிறார்கள்: ஓர் அச்சில் நேரம், மற்றதில் நிலையங்கள், ஒவ்வொரு ரயிலும் ஓர் உடைந்த கோடு. பாரிஸ்–லியோன் தடத்துக்கு இப்ரி என்ற பொறியாளர் வரைந்ததாகச் சொல்லப்படும் அத்தகைய படத்தை எத்தியேன்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே வெளியிட்டார். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களின் கோடுகள் நிலையத்தில் மட்டுமே வெட்டலாம்; நிலையங்களுக்கு நடுவே வெட்டினால் அது மோதல். நம் இரண்டு மாணவிகளின் கோடுகள் எங்கே வெட்டினாலும் சிக்கல் இல்லை, கூடம் அகலமானது என்று ஒரு மாணவன் உடனே சொன்னான்.

இரண்டாவது சென்சார்

மூலையின் கூர்மையை வைத்து ஊகிப்பதற்குப் பதில் நேரடியாகவே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டதன் விளைவு இது. கூடத்தின் எதிர்முனையில், முதல் சென்சாரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, அதைப் பார்த்தபடி இன்னொரு சென்சாரை வைத்தோம். நடப்பவர் நெஞ்சில் ஓர் அட்டை, முதுகில் ஓர் அட்டை. இரண்டுக்கும் இடையே முப்பது சென்டிமீட்டர். ஒருவர் மட்டும் நடந்தால், எங்கே நின்றாலும் இரண்டு சென்சார்களின் அளவுகளைக் கூட்டினால் 4.7 மீட்டர், அந்தக் கூட்டுத்தொகையின் வரைபடம் கிடைக்கோடு. இருவர் நடந்தால் ஒவ்வொரு சென்சாரும் தனக்குக் கிட்டே இருப்பவரைச் சொல்லும். நடுவில் இருக்கும் இடைவெளி யார் கணக்கிலும் வராது. ஆகவே கூட்டுத்தொகை 4.7 − |நே − 2|. தொடக்கத்தில் 2.7, தாண்டும் கணத்தில் 4.7, முடிவில் மறுபடி 2.7. ஊகத்துக்கு இடமே இல்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இரண்டு சென்சார்களையும் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒன்றின் ஒலியை மற்றது நேராகக் கேட்டுவிட்டு, தன் எதிரொலி என்று எண்ணிக்கொள்ளும். மாற்றி மாற்றி இயக்க வேண்டும். ஒன்றுக்கு 60 மில்லிவினாடி, பிறகு மற்றதற்கு 60. புள்ளிகள் வினாடிக்கு எட்டாகக் குறைந்துவிடும். நடைக்கு அது போதும், ஓட்டத்துக்குப் போதாது. முதுகு அட்டையை நாடாவால் கட்டுவதைவிட, பள்ளிப் பையின் வெளிப்பக்கத்தில் செருகிவிடுவது எளிது. ஆனால் பை தொங்காமல் இறுக்கிக்கொள்ள வேண்டும். அட்டை சாய்ந்தால் மறுபடியும் ஓட்டைகள்தான்.